லோடு போட்டுப் பார்த்த ஹெட்போன்

அந்த வீட்டில் ஒருவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் நான்கு பேர் பதில் சொல்வார்கள். யாரைக் கேட்டோமோ அவர் வாயைத் திறப்பதற்குள் கேட்டவருக்குத் தலை சுற்றிவிடும். கணக்கெடுப்புக்கு வந்த ஓர் அம்மாள் "வீட்ல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டு, நான்கு வெவ்வேறு எண்ணிக்கைகளை வாங்கிக்கொண்டு, கடைசியில் வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணி எழுதிக்கொண்டு போனார். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதை இது.

வீட்டின் தலைவர் மிக்சி பழுது பார்ப்பவர். முன்னறைதான் பட்டறை. காலையிலிருந்து மாலை வரை ஏதாவது ஒரு மிக்சி அங்கே அலறிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் அவர் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். அவருடைய தங்கை பஸ் கண்டக்டர். பகலெல்லாம் நெரிசலான பஸ்ஸில் கடைசி இருக்கை வரை கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்குமா? அவர்களுடைய அப்பா அச்சகத்தில் நாற்பது வருடம் இயந்திரம் ஓட்டிக் காதைப் பாதி அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அதனால் அவர் பார்க்கும் தொலைக்காட்சி மூன்றாவது வீட்டுக்கும் சேர்த்துச் செய்தி வாசிக்கும். நான்காவது ஆள் கல்லூரி போகும் மகள். இவள் கொஞ்சம் புத்திசாலி, ஆனால் வாய் மட்டும் அத்தையைக் கொண்டது.

ஐந்தாவது ஆளான மிக்சிக்காரரின் மனைவிதான் நம் கதைக்குரியவள். கண்டக்டர் தெருமுனையிலிருந்தே "அண்ணீ!" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவதால், தெருவுக்கே அவள் அண்ணி ஆகிவிட்டாள். காய்கறிக்காரர், தபால்காரர், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள், எல்லாருக்கும் அண்ணிதான். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை. சலவைக்கூடத்தின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம். பதினோரு வருடம் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, ஆம்புலன்ஸை அனுப்பும் கட்டுப்பாட்டு அறையில் போனை எடுத்துப் பேசும் ஆளாக ஆக வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, பாடப்புத்தகம் வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

வீடே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டம்தான் வினையாகப் போயிற்று.

தேர்வு வீட்டிலிருந்தபடியே, குரல் வழியாக. தேர்வாளர் போனில் கூப்பிட்டு, விபத்தில் சிக்கியவர்போல் பேசுவார், அண்ணி பதில் சொல்ல வேண்டும். முதல் வாய்ப்பில் அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறைக்குக் கதவு கிடையாது. அந்தக் கதவைக் கழற்றி இரண்டு முக்காலிகள்மேல் போட்டுத்தான் மிக்சிக்காரர் எட்டு வருடமாக வேலை மேசையாக வைத்திருக்கிறார். வாசலில் ஒரு திரைச்சீலை மட்டும்.

"ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார்னு போன் வருது. நீங்க முதல்ல என்ன கேப்பீங்க?" என்றார் தேர்வாளர்.

"கரண்ட் ஷாக்கான்னு கேளு!" இது பட்டறையிலிருந்து.

"எந்த ஸ்டாப்புன்னு கேளுங்க அண்ணி!" இது சமையலறையிலிருந்து.

"மூச்சு இருக்கான்னு கேளும்மா!" இது மாடிப்படியிலிருந்து.

"யாரு விழுந்தது?" என்று மாமனார் பதறியடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

தேர்வாளர், மற்றவர் குரல் கேட்டதால் தேர்வு ரத்து என்றும், இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான், அது அடுத்த மாதம் என்றும் சொல்லி வைத்துவிட்டார். முதலில் இடத்தைத்தான் கேட்க வேண்டும், கண்டக்டர் சொன்னதுதான் சரியான பதில் என்று அப்புறம் புத்தகத்தில் பார்த்தபோது அண்ணிக்கு அழுகை வந்தது. கடிதமும் வந்தது. மைக் வைத்த ஹெட்போன் கட்டாயம். கேள்வி அதில்தான் கேட்க வேண்டும், பதில் அதில்தான் பேச வேண்டும். வேறு ஒரு குரல் கேட்டாலும் இனி விண்ணப்பிக்கவே முடியாது.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் யாருமே சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன, எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நான்கு பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் மிக்சிக்காரர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஹெட்போன் வாங்கிருவோம். ஆனா ஒண்ணு. லோடு போட்டுப் பார்க்காம வாங்கக் கூடாது."

இது அவருடைய தொழில் விதி. வெறும் ஜாரைச் சுற்றவிட்டு, மிக்சி நன்றாக ஓடுகிறது என்று சொல்பவன் அவர் கண்ணில் அயோக்கியன். ஊறவைத்த அரிசியைப் போட்டு அரைத்துப் பார்த்தால்தான் மோட்டாரின் யோக்கியதை தெரியும் என்பார். சத்தத்தைத் தடுக்கிறேன் என்று சொல்லும் ஹெட்போனுக்கு லோடு எது? சத்தம்தான். யாருடைய சத்தம்? இந்த வீட்டுச் சத்தம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பமே கடைக்குக் கிளம்பியது. மிக்சிக்காரர் பையில் ஒரு மிக்சியை எடுத்து வைத்தார். மாமனார் தன் ரேடியோவை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு எதற்கு?

பஸ் நிலையத்துக்கு எதிரில் ரயில் பெட்டிபோல நீளமான கடை. அண்ணி சேர்த்து வைத்திருந்த தொகையைச் சொல்லி, அதற்குள் கையைக் கடிக்காத விலையில், வெளிச் சத்தம் காதுக்குள் வராமல், பேசினால் தன் குரல் மட்டும் போகும்படி ஒன்று வேண்டும் என்றாள். கடைக்காரர் "என்னம்மா சொன்னீங்க?" என்றார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் எடுத்துச் சொன்னார்கள். கடைக்காரர் ஒரு நொடியில் நிலைமையைப் புரிந்துகொண்டு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"அண்ணாச்சி, ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா?" என்று மிக்சிக்காரர் மிக்சியை வெளியே எடுத்தார்.

"இது எதுக்குங்க?"

"லோடு."

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. மகள் போனை எடுத்துக்கொண்டு தெருவின் மறுமுனைக்குப் போய் நின்றாள். மைக்கில் அண்ணி பேசுவது எப்படிக் கேட்கிறது என்று மதிப்பெண் போடுவது அவள் வேலை.

முதலாவது, காதுக்குள் செருகும் ரப்பர் முனை வைத்த சின்ன வகை. விலை மிகக் குறைவு. காதையும் நன்றாகத்தான் அடைத்தது. ஆனால் மைக் வயரில் மார்புக்கு நேரே தொங்கியது. மிக்சி ஓடியது, ரேடியோ பாடியது, கண்டக்டர் தொண்டையைத் திறந்தாள்: "இறங்கறவங்க எல்லாம் இறங்கிக்கங்க! படியில நிக்காதீங்க!" கடைப் படியில் நின்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் மறுபேச்சில்லாமல் இறங்கித் தெருவுக்குப் போனார்கள்.

"அம்மா குரலே இல்ல," என்று மகள் திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னாள். "அத்தை பேசறது கேக்குது, அப்புறம் துணி உரசற சத்தம் கேக்குது. பத்துக்கு ரெண்டு."

இரண்டாவது, பேட்டரியில் வேலை செய்யும் வகை. ஒரு பொத்தானை அமுக்கினால் சத்தத்தை அதுவே விழுங்கிவிடும் என்றார் கடைக்காரர். விலையும் அண்ணியின் தொகையை விழுங்கிவிட்டு மேலும் கேட்டது. இருந்தாலும் போட்டுப் பார்த்தாள். மிக்சியின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. அண்ணியின் கண்கள் விரிந்தன. ஆனால் அந்த அமைதியின் நடுவில் கண்டக்டரின் குரல் மட்டும் முன்னைவிடத் தெளிவாக வந்து இறங்கியது.

"இது மோட்டார் சத்தத்தைத்தாங்க நல்லா குறைக்கும்," என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார். "ஒரே சீரா வர்ற சத்தம்னா அடக்கிரும். மனுஷங்க பேச்சு கொஞ்சம் கஷ்டம்."

"எங்க வீட்ல கஷ்டமே மனுஷங்கதாங்க," என்றாள் அண்ணி மெதுவாக. யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது பெட்டி தூசி படிந்திருந்தது. போனில் ஆர்டர் எடுக்கும் அலுவலகங்களுக்காக வந்து, விற்காமல் தங்கிவிட்ட சரக்கு. பார்க்க லட்சணமாக இல்லை. காதை முழுக்க மூடும் இரண்டு தடித்த மெத்தைகள், தலையைக் கவ்விப் பிடிக்கும் பட்டை, வாய் ஓரம் வரை வளைந்து வரும் கம்பியின் நுனியில் மைக். பேட்டரியும் இல்லை, பொத்தானும் இல்லை. விலை அண்ணியின் தொகைக்குள் அடங்கியது, மிச்சமும் இருந்தது.

அண்ணி அதை மாட்டிக்கொண்டாள். மைக்கை உதட்டருகே இழுத்துவிட்டாள்.

மிக்சிக்காரர் மிக்சியை உச்ச வேகத்தில் திருகிவிட்டுக் கூடவே கத்தினார். கண்டக்டர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். மாமனார் ரேடியோவைத் தூக்கி அண்ணியின் காதருகே பிடித்துக்கொண்டு தானும் குரல் கொடுத்தார். அண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று பேர் வாயைத் திறந்து திறந்து மூடுவதுதான். சத்தம் எங்கோ சுவருக்கு அப்பால் முணுமுணுத்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் இவர்களை இப்படி அவள் பார்த்ததே இல்லை. சத்தத்தை எடுத்துவிட்டால் முகங்கள் எவ்வளவு பாடுபடுகின்றன! அவளுக்காக, ஒரு கடையில், நாலு பேர் பார்க்க, வெட்கமில்லாமல் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா மட்டும்தான் கேக்குது!" என்று மகள் தெருமுனையிலிருந்து ஓடி வந்தாள். "மிக்சி பக்கத்து ஊர்ல ஓடற மாதிரி இருக்கு. பத்துக்கு ஒன்பது!"

"இதுதான்! இதையே குடுங்க!" என்றாள் அண்ணி. காது அடைத்திருந்ததால் தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காமல், கூரை அதிரும்படி கத்திவிட்டாள். கண்டக்டரே இரண்டடி பின்னால் போனாள்.

அந்த மாதம் முழுக்க இப்படித்தான் நடந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அண்ணிக்குத் தான் மெதுவாகப் பேசுவதுபோல் இருக்கும். வெளியே வீடே அதிரும். "பதறாதீங்க! எங்க இருக்கீங்க? பக்கத்துல அடையாளம் என்ன?" என்று அவள் பாடம் படிக்க, பட்டறைக்கு மிக்சி கொண்டு வந்த ஒருவர் பயந்துபோய்த் தன் விலாசத்தைச் சொன்னார். போனில் வருபவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் விதி. அண்ணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சோறு போடும்போதுகூட, "ரசம் போதும்னு சொல்றீங்க, சரிதானே?" என்பாள்.

ஒருநாள் மாமனார் அவளைக் கூப்பிட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள்.

"இருபது வருஷமா நீ பேசறது எனக்கு ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா. சும்மா தலையாட்டிட்டு இருந்தேன். இப்பதான் கேக்குது." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தான் பேசற," என்றார். அண்ணிக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் திருப்பிச் சொல்லும் விதியில் ஓர் ஆபத்து இருந்தது. கேள்வி ஹெட்போனுக்குள் வந்தாலும், அண்ணி அதைத் திருப்பிச் சொன்னதும் வீட்டுக்கே கேட்டுவிடும். கேட்டால் இவர்கள் சும்மா இருப்பார்களா? அதுவும் ஒரு மாதமாகப் பாடத்தைக் காதால் படித்து, நாலு பேருக்கும் எல்லாப் பதிலும் மனப்பாடம். "தேர்வு முடியற வரைக்கும் எல்லாரும் பூங்காவுல போய் உக்காந்துக்கங்க," என்று அண்ணி சொல்லிவிட்டாள். நான்கு பேரும் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார்கள்.

தேர்வு நாள் காலை பத்தரைக்கு நான்கு பேரும் வெளியே போனார்கள். பதினொன்றுக்குப் போனில் அழைப்பு வந்தது. பதினொன்று ஐந்துக்கு மழை பிடித்துக்கொண்டது.

முதல் அழைப்பு, கை உடைந்த ஒரு பெரியவர். அண்ணி அமைதியாக இடம் கேட்டாள், அடையாளம் கேட்டாள், திருப்பிச் சொன்னாள். இரண்டாவது அழைப்பின் நடுவில் திரைச்சீலை அசைந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நான்கு பேரும் முன்னறையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அண்ணிக்கு உயிரே போயிற்று. போ என்று சொல்ல வாயைத் திறக்க முடியாது. கண்ணால் மிரட்டினாள். மிக்சிக்காரர் இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு மேசையிலிருந்து நாலைந்து ஸ்குருவை எடுத்து, வேலை செய்யும்போது வைத்துக்கொள்வதுபோல உதடுகளுக்கிடையில் வைத்துக் கவ்விக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் கட்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள். மகள் பேனாவைக் கடித்தாள். மாமனார் துண்டைச் சுருட்டி வாயை மூடிக்கொண்டார். வரிசையாக உட்கார்ந்து நான்கு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன.

மூன்றாவது அழைப்பு தொடங்கியதும் அண்ணி ஒரு கணம் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரே அமளி. ஏதோ இயந்திரம் அலறியது. தொலைக்காட்சி கத்தியது. ஓர் ஆண், இரண்டு பெண்கள், மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், "சீக்கிரம் வாங்க" என்றது ஒரு குரல், "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார்" என்றது ஒன்று, "ஹால்லதான் விழுந்தார்" என்றது இன்னொன்று. வெளிச் சத்தத்தைத் தடுக்கத்தான் அவள் குடும்பத்தையே கூட்டிப்போய் ஹெட்போன் வாங்கினாள். இப்போது சத்தம் ஹெட்போனுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அண்ணி நியாயமாகப் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. இது அவளுக்கு மிகவும் பழகிய இடமாக இருந்தது. இருபது வருடமாக இதற்குள்தான் அவள் சமைத்திருக்கிறாள், துணி மடித்திருக்கிறாள், யாருக்கு என்ன வேண்டும் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கிறாள். கண்ணை மூடினாள். எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஒரு சின்னப் பெண்ணின் குரல், யாரும் கவனிக்காத குரல், சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

"முதல்ல அந்த மிக்சியை நிறுத்துங்க," என்றாள் அண்ணி. "டிவியையும் அணைங்க. பின்னாடி ஒரு சின்னப் பொண்ணு பேசுது, அது மட்டும் பேசட்டும். நீ சொல்லும்மா. தண்ணித் தொட்டிக்கு எதிர்வீடு, சரிதானே? மாமாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை போட்டுட்டார், ஆனா காலையிலேர்ந்து சாப்பிடல. சரிதானே? வண்டி கிளம்பிருச்சு. மாமா கண்ணைத் திறந்து பேசறாரா? அப்படின்னா சர்க்கரை கரைச்ச தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

கண்ணைத் திறந்தபோது திரைக்கு அப்பால் மாமனார் சர்க்கரை டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் அண்ணி பதிலைச் சொல்லி முடித்துவிட்டாள் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். பின்னால் யாரும் ஒரு பேச்சுப் பேசிவிடக் கூடாது.

சத்தம் நின்றது. தேர்வாளரின் குரல் வந்தது.

"இந்த மாசம் இருபத்தாறு பேருக்கு இதைப் போட்டோம். அந்தப் பொண்ணு குரல் மூணு பேருக்குத்தான் கேட்டுச்சு. அது மிக்சின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பிளேடு லூசா இருக்குங்க. சத்தத்துலயே தெரியுது."

தேர்வாளர் சிரித்துவிட்டார். "தேர்வு முடிஞ்சதும்மா. நீங்க தேறிட்டீங்க. எப்ப வேலைக்கு வர முடியும்?"

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. பழக்க தோஷம், திருப்பிச் சொன்னாள். "தேர்வு முடிஞ்சது, நான் தேறிட்டேன், எப்ப வேலைக்கு வர முடியும்னு கேக்கறீங்க. சரிதானே?"

அவ்வளவுதான். ஸ்குரு ஒரு பக்கம் தெறித்தது, டிக்கெட் கட்டு ஒரு பக்கம் பறந்தது. திரைச்சீலையைப் பிய்த்துக்கொண்டு நான்கு பேரும் உள்ளே பாய்ந்து, அவளைச் சுற்றி நின்று, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வாயைத் திறந்தார்கள்.

ஹெட்போனில் தேர்வாளர் குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது மார்க்குல சேராது. இப்ப அங்க நாலு பேர் ஒரே நேரத்துல பேசினாங்களே, யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அண்ணி அந்த நான்கு முகங்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் இன்னைக்கே வருவான்னு சொன்னார். நாத்தனார் நாளைக்கு முதல் பஸ்ஸுலன்னு சொன்னா. என் பொண்ணு, ஒண்ணாந்தேதின்னு சொல்லும்மான்னுச்சு. எங்க மாமா யாரு விழுந்ததுன்னு கேட்டார்."

"அப்படியே சரி!" என்றார் தேர்வாளர். "ஒண்ணாந்தேதியே வாங்க."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நல்ல ஹெட்போன்தான். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அண்ணியின் காதில் விழவில்லை.